கேட் தூணில் ஒரு கறுப்புக் கண்! தெரியுமா உங்களுக்கு?

ரிமோட்டை அமுக்கியாயிற்று. முந்நூறு, நானூறு கிலோ இரும்பு கேட் தண்டவாளத்தில் உருண்டு மூடிக்கொண்டு வருகிறது. குறுக்கே ஒரு நாய்க்குட்டி ஓடுகிறது. கேட் சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பிப் போகிறது! யார் பார்த்தது? ரிமோட் வைத்திருப்பவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விட்டார். பார்த்தது, தூணில் முழங்கால் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி. போட்டோ சென்சார் என்பார்கள், சிலர் போட்டோசெல் என்பார்கள்.

ஆனால் ஒன்று தெரியுமா? அந்தப் பெட்டி நாய்க்குட்டியைப் பார்க்கவே இல்லை!

ஒரு தூணில் இருப்பது ஒளியை அனுப்பும் பெட்டி. எதிர்த் தூணில் இருப்பது வாங்கும் பெட்டி. அனுப்புகிறவர் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். வாங்குகிறவருக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: வருகிறதா, நின்றுவிட்டதா? வருகிற வரைக்கும் கேட் மூடலாம். நின்ற கணமே, மூடாதே, திற! குறுக்கே வந்தது நாயா, பேரனா, ஸ்கூட்டரா, காற்றில் பறந்த பாலிதீன் பையா என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குக் கிடையாது. ஒளி வரவில்லை என்றால் ஆபத்து, அவ்வளவுதான்! இந்த மொட்டைப் பிடிவாதம்தான் அதன் புத்திசாலித்தனமே. ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், அதற்குள் வேகத்தைப் பாருங்கள்.

தூணுக்குத் தூண் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளி அதைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியை நூறு கோடியாக வெட்டினால் அதில் 20 துண்டு! சேதி வந்தபின் உள்ளே இருக்கும் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் 'டிக்' என்று விழ சுமார் 10 மில்லி விநாடி ஆகிறது. அதாவது ஒளி ஓடிய நேரத்தைப்போல் ஐந்து லட்சம் மடங்கு! அதற்கப்புறம் மோட்டார் நின்று, கேட்டின் வேகம் அடங்க வேண்டும். ஆகப் பெரிய சோம்பேறி கேட்தான்.

அந்த ஒளி நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? அது அகச்சிவப்பு. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, எந்த நிறமும் விழாத இருட்டில் இருந்த வெப்பமானியிலும் சூடு ஏறியது! யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே ஹெர்ஷல்தான். பிழைப்புக்கு முதலில் செய்தது என்ன தெரியுமா? சங்கீதம்! ஆர்கன் வாசித்தவர்.

உங்கள் வீட்டு சென்சார் ஒளி விடுகிறதா என்று உங்கள் செல்போனே சொல்லிவிடும், தெரியுமா? செல்ஃபி கேமராவைத் திறந்து அனுப்பும் பெட்டியின் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். பல போன்களில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று மினுங்கும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் பலமாக இருக்கும், அதனால் அங்கே தெரியாமல் போகலாம். முதலில் டி.வி. ரிமோட்டை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்டுக்குப் போங்கள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடும் முன் இந்த ஒரு சோதனை காசை மிச்சம் பண்ணும்.

இது உடம்புச் சூட்டைப் பார்த்து வேலை செய்கிறது என்று நம்புகிறவர்கள் நிறைய. இல்லவே இல்லை! மாடிப்படியில் ஆள் வந்தால் எரியும் விளக்கின் சென்சார் வேறு ஜாதி. அது உடம்பு வெளியிடும், சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்துச் சூட்டைப் பார்க்கிறது. கேட் சென்சாரோ சுமார் 0.9 மைக்ரோமீட்டரில் தானே ஒளி விட்டுத் தானே வாங்குகிறது. சூடே இல்லாத ஒரு செங்கல்லை நடுவில் வைத்தாலும் கேட் நிற்கும்.

சரி, இந்தக் கண் எங்கே பிறந்தது? கடலுக்கடியில்! கிட்டத்தட்ட அப்படித்தான். வில்லோபி ஸ்மித் என்ற பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க செலினியம் குச்சிகளைப் பயன்படுத்தினார். குச்சி ஒரு நேரம் ஒரு அளவு காட்டியது, மறுநேரம் வேறு அளவு. பார்த்தால், வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் எளிதாக ஓடுகிறது, இருட்டில் முரண்டு பிடிக்கிறது! 1873-இல் உலகுக்குச் சொன்னார். ஏழே வருடத்தில், 1880-இல், தொலைபேசி தந்த கிரகாம் பெல் அதே செலினியத்தை வைத்து வாஷிங்டனில் சூரிய ஒளிக்கற்றை மேல் பேச்சை ஏற்றி 213 மீட்டர் தூரத்துக்கு அனுப்பிவிட்டார். போட்டோபோன் என்று பெயர். தொலைபேசியைவிட இதுதான் என் பெரிய சாதனை என்று நினைத்தார். அப்போது பிறந்த மகளுக்கே அந்தப் பெயரை வைக்கப் பார்த்தார். நல்லவேளை, மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

நம் நாட்டுப் பங்கு இல்லையா? இருக்கிறது! ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தை வைத்து ஒரு உணர்வி செய்து 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ரேடியோ அலையும் அதற்குத் தெரியும், ஒளியும் தெரியும். குறைக்கடத்திச் சாதனம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

கதவுக்கு இந்தக் கண் வந்தது 1931-இல். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், வெஸ்ட் ஹேவன் என்ற ஊரில் கடலோர உணவகம் ஒன்று. இரண்டு கையிலும் தட்டோடு வரும் சர்வர்கள் கதவை எப்படித் திறப்பார்கள்? ஸ்டான்லி நிறுவனத்தின் ஹொரேஸ் ரேமண்டும் ஷெல்டன் ரோபியும் கதவுக்கு முன்னால் ஒரு ஒளிக்கற்றையை ஓட விட்டார்கள். சர்வர் குறுக்கே வந்தால் கதவு தானாகத் திறக்கும்! அன்று ஒளி தடைபட்டால் திற என்று கதவுக்குச் சொன்ன அதே வேலையைத்தான் இன்று உங்கள் கேட்டும் செய்கிறது. அதே வருடம்தான் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. அதில் என்ன என்கிறீர்களா? பேசும் படக் காலத்தில் பிலிம் ஓரத்தில் ஒலிக்கோடு ஒன்று ஓடும். புரொஜெக்டரில் அந்தக் கோட்டின் வழியே ஒரு விளக்கு அடிக்க, மறுபக்கம் அதைப் படித்துச் சத்தமாக்கியதும் ஒரு போட்டோசெல்தான்!

அப்போதெல்லாம் சாதாரண பல்புதான் ஒளி. அகச்சிவப்பு எல்.இ.டி. வந்தது 1961-இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜேம்ஸ் பியார்டும் கேரி பிட்மனும் கேலியம் ஆர்சனைடு படிகத்தோடு மல்லுக்கட்டியபோது. அதற்கப்புறம்தான் கண் இப்படி உள்ளங்கைக்குள் சுருங்கியது.

இனி வெயிலுக்கு வருவோம், நம் ஊரில் கதையே அங்கேதான் இருக்கிறது. சூரியனும் அகச்சிவப்பைக் கொட்டுகிறது. அந்த வெள்ளத்தில் ஒரு சின்ன எல்.இ.டி.யின் ஒளியை வாங்கும் பெட்டி எப்படி அடையாளம் காண்கிறது? அனுப்பும் பெட்டி சும்மா எரிவதில்லை, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கிறது! டி.வி. ரிமோட்டே விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நம் ஊர்ப் பெயரைக் கூவும் கண்டக்டர் குரல் மட்டும் காதில் விழுவதுபோல, வாங்கும் பெட்டி அந்தத் துடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, துடிக்காத வெயிலைத் தள்ளிவிடுகிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. காற்றில் உள்ள நீராவி, வெயிலில் 940 நானோமீட்டர் பக்கத்து ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. தரைக்கு வரும்போது சூரியனே அந்த இடத்தில் கொஞ்சம் மங்கல். பல சென்சார்கள் அந்த மங்கலான இடமாகப் பார்த்துத்தான் ஒளி விடுகின்றன!

ஆனாலும் சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கினால் வாங்கும் பெட்டி திணறிப்போகும். இங்கேதான் வீட்டு வாசல் எந்தத் திசை என்பது வருகிறது. வாஸ்துவைச் சொல்லவில்லை, இது சுத்தமான கணக்கு! கிழக்கு அல்லது மேற்கு பார்த்த வாசலென்றால், கேட் வடக்கு தெற்காக ஓடும், ஒளிக்கற்றையும் அப்படியே. நம் ஊரில் சூரியன் வடக்கிலோ தெற்கிலோ அடிவானத்தில் நிற்பதில்லை, கவலை இல்லை. வடக்கு, தெற்கு வாசல்காரர்களுக்குத்தான் வினை. கற்றை கிழக்கு மேற்காக ஓடுகிறது. கிழக்கைப் பார்த்த பெட்டிக்குக் காலை வெயில், மேற்கைப் பார்த்ததற்கு மாலை வெயில். அதிலும் சென்னையில் சூரியன் உதிக்கும் இடம் நேர் கிழக்கிலிருந்து இருபுறமும் சுமார் 24 டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கும். மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 23-ஐயும் ஒட்டித்தான் நேர் கிழக்கு. பங்குனியிலும் புரட்டாசியிலும், காலை ஆறரை ஏழு மணிக்கு மட்டும் கேட் மூட மறுக்கிறதா? பேய் இல்லை, சூரியன்! வழி எளிது. எந்தத் தூணில் வைத்தால் எதிரே மரமோ மாடியோ வெயிலை மறைக்கிறதோ அங்கே வாங்கும் பெட்டி, வெயில் விழும் தூணில் அனுப்பும் பெட்டி. அனுப்புகிறவர் முகத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அவருக்குக் கவலை கிடையாது.

பொருத்தும் இடத்தில் போய் நின்று பார்த்திருக்கிறீர்களா? நேரம் போவதே தெரியாது! வாசல் தரை மழைத் தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். இந்தத் தூணில் தரையிலிருந்து ஒன்றரை அடி, அந்தத் தூணிலும் ஒன்றரை அடி என்று டேப் பிடித்து ஓட்டை போட்டால் இரண்டு கண்ணும் ஏறுக்குமாறாக உட்காரும். விவரமான ஆள் கொத்தனாரிடம் டியூப் லெவலைக் கேட்டு வாங்குகிறார். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனை இந்தத் தூணில், மறுமுனை அந்தத் தூணில். உள்ளே ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் மட்டம் பொய் சொல்லும், அதனால் முதலில் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டுகிறார். தண்ணீர் அசைவது நின்றதும் இரண்டு பக்கமும் பென்சில் கோடு. லேசரெல்லாம் வருவதற்கு ரொம்பக் காலம் முன்பிருந்தே கட்டடக்காரர்கள் நம்பிய அதே தண்ணீர்தான், இன்றைய எலக்ட்ரானிக் கண்ணுக்கும் மட்டம் சொல்கிறது!

அப்புறம் குறி பார்க்கும் படலம். 6 மீட்டர் தூரத்தில் பெட்டி ஒரே ஒரு டிகிரி திரும்பினால் கற்றையின் நடு எவ்வளவு விலகும் தெரியுமா? பத்தரை சென்டிமீட்டர்! "தம்பி, ஒரு நூல் கீழே... இன்னும்... போதும் போதும், அப்படியே பிடி!" என்று எதிர்த் தூணிலிருந்து குரல் வரும். வாங்கும் பெட்டியில் சின்ன விளக்கு ஒன்று, கற்றை சேர்ந்ததும் நிறம் மாறும் அல்லது நிலையாக எரியும். கத்துக்குட்டி அங்கேயே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். தேர்ந்தவர் அப்படி விடமாட்டார். விளக்கு அணைகிற வரை இடப்பக்கம் திருப்பி ஒரு குறி, வலப்பக்கம் திருப்பி ஒரு குறி, பிறகு இரண்டுக்கும் நட்டநடுவில் நிறுத்துவார். மேலும் கீழும் அதே வேலை. சில பெட்டிகளில் மல்டிமீட்டர் முனையை வைக்கத் தனி இடமே உண்டு, அதில் வோல்ட் எகிறும் இடம்தான் சரியான இடம். விளிம்பில் நிறுத்திய கண் அன்றைக்கு வேலை செய்யும். நாலு நாள் கேட் அதிர்ந்து, தூண் வெயிலில் காய்ந்து, ஒரு மழையும் பெய்தால் வேலையைக் காட்டிவிடும்.

உயரத்திலும் ஒரு விந்தை. மணல் லாரி வாசலில் நிற்கிறது. முன்சக்கரம் கற்றையைத் தாண்டிவிட்டது, பின்சக்கரம் இன்னும் வரவில்லை. நடுவில் லாரியின் வயிற்றுக்குக் கீழே வெட்டவெளி! முழங்கால் உயரக் கற்றை அதன் வழியே சுகமாகப் போய்விடும். வாங்கும் பெட்டிக்கு வாசல் காலி. லாரி வரும் கேட்டுகளில் மேலே இன்னொரு ஜோடி வைப்பது இதனால்தான். அப்படி இரண்டு ஜோடி வைக்கும்போது இரண்டு அனுப்பும் பெட்டியையும் ஒரே தூணில் வைத்தால், ஒருவர் விடும் ஒளியை இன்னொருவரின் ஜோடி வாங்கித் தொலைக்கும். மேலே இடமிருந்து வலம், கீழே வலமிருந்து இடம் என்று மாற்றி வைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது.

கண்ணுக்கு எதிரிகள் யார் யார் தெரியுமா? சிலந்தி வலை, எறும்பு, பெட்டியின் மறைப்புக்குள் மண்கூடு கட்டும் குளவி, தோட்டத்துக்குப் பீய்ச்சும் தண்ணீரின் உப்புக் கறை. கல்யாண வீட்டில் தூணில் கட்டும் வாழைமரம்! இலை காற்றில் ஆட, கேட் மூடுவதும் திறப்பதுமாக ராத்திரி முழுக்கக் கூத்தடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஆயுத பூஜை. மோட்டாருக்குப் பொட்டு வைக்கிற கையோடு, பக்கத்திலிருக்கும் கண்ணுக்கும் பக்தியோடு சந்தனம் குங்குமம் அப்பிவிடுவார்கள். அப்புறம் கேட் எப்படி மூடும்? சாமி கோபித்துக்கொள்ளாது, பொட்டை மோட்டாரின் மூடிமேலேயே வையுங்கள்.

இப்போது அந்தப் பிடிவாதத்துக்கு வருவோம். எலி வயரைக் கடித்துவிட்டது. ஒளி வராது, கேட் மூடாது. அனுப்பும் பெட்டியில் கரண்ட் போயிற்று. மூடாது. கண்ணில் சேறு. மூடாது! எது கெட்டாலும் ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அப்படியானால் வாங்கும் பெட்டியின் ரிலேயே ஒட்டிக்கொண்டு, எப்போதும் ஒளி வருகிறது என்று பொய் சொன்னால்? அதற்கும் வழி உண்டு. பல பெட்டிகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரிலே. ஒன்று ஒட்டினாலும் மற்றது விடுபடும். இன்னும் அதிசயம், பல கன்ட்ரோல் போர்டுகள் ஒவ்வொரு முறையும் கேட்டை நகர்த்தும் முன் அனுப்பும் பெட்டியின் கரண்டைத் தானே ஒரு கணம் வெட்டிப் பார்க்கின்றன. வாங்கும் பெட்டி 'ஐயோ, ஒளி போச்சு' என்று சொன்னால் கண் உயிரோடு இருக்கிறது. சொல்லாவிட்டால் கேட் அசையாது! நீங்கள் ரிமோட்டை அமுக்கிக் கேட் நகர்வதற்குள் இந்தத் தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது.

இவ்வளவு யோசித்துச் செய்ததை நம் ஆட்கள் ஒரு துண்டு வயரில் முடித்துவிடுகிறார்கள். "சென்சார் தொந்தரவு பண்ணுது சார், ஷார்ட் பண்ணிட்டேன், இனி பிரச்சினை இல்லை!" அந்த வயர்த் துண்டு சொல்வது ஒன்றுதான்: ஒளி எப்போதும் வருகிறது. குழந்தை நடுவில் நின்றாலும் வருகிறது! உங்கள் கேட்டில் அப்படி இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். கேட் மூடும்போது ஒரு துடைப்பக் கட்டையைத் தள்ளி நின்று கற்றைக்குக் குறுக்கே நீட்டுங்கள். கேட் திரும்ப வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்பு சட்டமே. வீட்டுக் கராஜ் கதவுகளுக்கு அடியில் குழந்தைகள் சிக்கி இறந்தபின் 1990-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1993 ஜனவரி 1 முதல் தயாரித்த கராஜ் மோட்டார்களில், ஆளோ பொருளோ மாட்டினால் கண்டுகொள்ளும் கண்ணோ தொடு பட்டையோ கட்டாயம். அந்தக் கராஜ் கண்ணின் உயரம் எவ்வளவு தெரியுமா? தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது! படுத்திருக்கும் குழந்தையும் தெரிய வேண்டுமே. 2016 முதல் அங்கே கேட்டுகளுக்கும் விதி இறுகிவிட்டது. கண் செத்துப்போனால் மோட்டாரே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஐரோப்பிய விதியோ 700 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு பெட்டியை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. சின்னப் பிள்ளை உயரம்!

அதோடு விடவில்லை ஐரோப்பா. கற்றை என்பது ஒரு கோடுதான், கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்பவரை அது அறியாது. அதனால் கேட் இடித்தாலும் நசுக்காமல் இருக்க ஒரு கணக்கு. குறுகிய இடைவெளியில் இடிக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது, ஏறக்குறைய 40 கிலோ எடையின் அழுத்தம். அதுவும் முக்கால் விநாடிதான்! அதற்குள் 150-க்குக் கீழே வர வேண்டும், 5 விநாடியில் 25-க்கு இறங்க வேண்டும். 2010-இல் பிரிட்டனில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுமிகள் தானியங்கி கேட்டில் சிக்கி இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டின் பணியிட நலம், பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டு, அந்த விசையை அளந்து பார்க்கச் சொன்னது. கேட் விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை பார்த்திருப்பீர்களே? அழகுக்கு இல்லை. அதற்குள் ஓடும் மின்சுற்றின் முனையில் 8.2 கிலோ ஓம் மின்தடை ஒன்று. ரப்பர் நசுங்கினாலும் போர்டு அறியும், வயர் அறுந்தாலும் அறியும்.

ஒரு பக்கம் மட்டும் பெட்டி, எதிர்ப் பக்கம் வயரே இல்லாமல் ஒரு பளபளப்பு வில்லை, இப்படியும் சென்சார் உண்டு, தெரியுமா? ஒளி போய் வில்லையில் பட்டு அதே வழியே திரும்பி வரும். அப்படியானால் பளபளக்கும் கார்க் கதவும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி ஏமாற்றிவிடாதா? விடாது! வில்லைக்குள் அறை மூலைபோல் வெட்டிய நுண்ணிய முக்கோணக் குழிகள். அவை ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பி அனுப்புகின்றன. கார் அப்படிச் செய்வதில்லை. திசை திரும்பி வந்த ஒளியை மட்டும் பெட்டி ஏற்றுக்கொள்கிறது.

அதே மூலை வெட்டு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? நிலவில்! 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் அப்படிப்பட்ட 100 கண்ணாடிக் கட்டிகளை அடுக்கிய தட்டு ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் அடித்தால் சுமார் இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது, இன்றைக்கும்! ஆனால் 2010 வாக்கில் அளந்து பார்த்தவர்களுக்கு, வர வேண்டிய வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. காற்றில்லை, மழையில்லை, குளவியில்லை, சந்தனமில்லை. பின்னே யார் கைவரிசை? அவர்கள் சந்தேகப்பட்டது தூசியைத்தான்!